நாலு மணி வயிறு

சுனாமியில் ஆச்சிப்பிள்ளையைக் கடல் கொண்டுபோனபோது அவளுடைய புருசன் அழகரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தேற்றாத்தீவில் கடற்கரைப் பக்கம் வீடு. நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவியில் வீச்சுவலை போட்டு இறால் பிடிப்பது அவருடைய தொழில். கடல் வந்த காலையில் அவர் ஆற்றில் நின்றார். அவர்களுடைய பசு சிவலை ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் நின்றது ஆச்சிப்பிள்ளை மட்டும். உடல் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்ற என்னை, பள்ளிக்கூட முகாமில் நோயாளிகளைப் பார்க்கக் கேட்டிருந்தார்கள். அழகரத்தினம் மூன்றாம் நாள் வந்தார். வயிற்றெரிவு. எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். நினைத்தால் சாப்பிடுவதாகச் சொன்னார். வலி எப்போது வருகிறது என்றதற்குப் பின்னேரம் நாலு மணிக்கு என்றார். அட்டையில் எழுதிக் குளிசை கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வரிசையில் நூறு பேர் நின்றார்கள்.

செத்தவர்களுக்குச் சோறு படைக்கிற முப்பத்தோராம் நாள் நெருங்கியது. ஊரில் உடல் கிடைக்காதவர்களுக்கும் படைப்பதென்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அழகரத்தினம் மறுத்தார். மகள் தனுஷா அழுது பார்த்தாள், அம்மா தண்ணீர்கூட இல்லாமல் அலைவதாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. காரணம் சிவலை.

அந்தப் பசு தினமும் நாலு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து தனியாக வரும். வீடு இருந்த இடத்தில் மிஞ்சியது சிமெந்துத் தரை மட்டும். அதில் ஆச்சிப்பிள்ளை சமைக்கிற குசினி இருந்த மூலையில் போய் நின்று கடலைப் பார்த்துக் கத்தும். பார்க்க ஆட்கள் கூடினார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

ஆச்சிப்பிள்ளை பதினொரு வருடமாக நாலு மணிக்கு அந்த மூலையில்தான் தவிடு கலந்த கஞ்சித்தண்ணியை அதற்கு வைத்தவள். கடல் வடிந்த பிறகு அவளுடைய வாளி வேலியோரம் கிடந்தது. அழகரத்தினம் அதை எடுத்து, முகாமில் கஞ்சி வாங்கி, அதே நேரத்துக்கு அதே இடத்தில் தானே வைத்துக்கொண்டிருந்தார். பசு வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“வாயில்லாச் சீவன் பொய் சொல்லாது மிஸி” என்றார் என்னிடம். “அவள் எங்கயோ இரிக்காள். மாட்டுக்குத் தெரியிது.”

முப்பத்தொன்று கடந்துபோனது. மாசியில், தப்பிய மாடுகளுக்கு ஊசி போட மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். ஏறாவூர்ப் பிள்ளை, பெயர் சபீனா. சிவலை கத்துவதை நின்று பார்த்தாள். வாளியையும் பார்த்தாள். பிறகு சிமெந்துத் தரையில் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

மெலட்டோனின் என்று ஒரு சுரப்பு இருக்கிறது, இருட்டினால் தலைக்குள் ஊறி உடம்புக்கு இரவென்று சொல்லும், அது பலருக்குத் தெரியும் என்றாள். ஆனால் அதைவிடப் பல மடங்கு குடலில் இருக்கிறதாம். குடல் தானே அதைச் சுரக்கும். குடலின் அசைவை ஒழுங்குபடுத்துவதிலும், அதன் உட்தோலைப் புண்ணாகாமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

“குடலில இரிக்கிறது இருட்டைப் பாக்கிறல்ல ஐயா. சாப்பாட்டைத்தான் பாக்கும். தினமும் ஒரே நேரத்துக்குத் தீன் வெச்சா வயிறு அந்த நேரத்தைப் பிடிச்சி வெச்சிக்கும். தீன் வர முந்தியே ஆயத்தமாகும். இது மட்டுமில்ல, வேற காரணமும் இரிக்கி. ஆனா உங்கட மாடு கத்துறது வாளிக்கு.”

“அப்ப என்ட மாட்டுக்கு வயித்துக்குள்ள மணிக்கூடு கட்டியிரிக்கோ?” என்றார் அவர். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சோதித்துப் பாருங்கள் என்றேன் நான். அது என் யோசனைதான். வாளியைக் காலை பத்து மணிக்கு, ஆற்றங்கரையில் வைப்பது. நாலு மணிக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவது. மனுசிக்காக வருகிற மாடென்றால் நாலு மணிக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

அவர் வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “மாடு மாறினா நான் அவளுக்குப் படைக்கிறன்” என்றார்.

முதல் நாட்களில் சிவலை நாலு மணிக்கு வந்தது, கத்தியது. அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எழும்பினால் வாளியை எடுத்துவிடுவார் என்று அவருக்கே பயம். ஒன்பதாம் நாள் பிந்தி வந்தது, கத்தாமல் திரும்பிப் போனது. பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு முன்பே ஆற்றங்கரையில் நின்று வாளிக்காகக் கத்தியது.

அன்று பின்னேரம் அவரோடு நானும் தனுஷாவும் சிமெந்துத் தரையில் இருந்தோம். நாலு மணியானது. நாலரையானது. கடலின் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப அவள் போயிட்டாள்” என்றார் அழகரத்தினம்.

வெள்ளிக்கிழமை படைத்தார்கள். அவர் சோற்றையும் கறியையும் வாழையிலையில் தன் கையால் வைத்தார். காரியம் சரியாக முடிந்ததென்று நான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு ஷெல் விழத் தொடங்கியது. நேரங்காலம் இல்லாத சத்தம். படுவான்கரைச் சனம் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வந்து குவிந்தது. சிவலை மேய்ச்சலை விட்டது, வயிறு ஊதி ஒரு வாரத்தில் செத்தது. அழகரத்தினம் தானே குழி வெட்டினார்.

சண்டை முடிந்ததென்று பட்டணத்தில் வெடி கொளுத்திய வாரம், தனுஷா என்னைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு வயிறு தாங்கவில்லை. போகும்போது பழைய அட்டைகளை எடுத்துப் போனேன். நாலரை வருடமாக என் கையெழுத்தில் ஒரே வரி: பின்னேரம் நாலு மணி.

ஆச்சிப்பிள்ளை மாட்டுக்கு வைத்தபின் என்ன செய்வாள் என்று அப்போதுதான் கேட்டேன். கையைக் கழுவித் தனக்கு ரொட்டி சுட்டுத் தருவாள் என்றார். அவள் போனபின் அந்த நேரத்தில் அவர் ஒன்றுமே வாயில் வைத்ததில்லை. மாட்டின் வயிற்றைப் பதினாறு நாள் கவனித்த நான், மனிதருடைய வயிற்றைக் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு ஏதாவது சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், மாட்டுக்குச் செய்ததுபோல, என்றேன். தனுஷா ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். வயிற்றை ஒரு கையால் அமர்த்திப் பிடித்திருந்தார்.

“மாட்டை மாத்தினீங்க, சரி மிஸி” என்றார். “இதையும் மாத்தினா மறுகா நாலு மணிக்கு அவளைத் தேட ஆர் இரிக்கா?”

குளிசைகளை எண்ணித் தனுஷாவின் கையில் கொடுத்தேன். மற்ற வேளைகளில் தவறாமல் சாப்பிட வைக்கச் சொன்னேன். நாலு மணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.