மேட்ரன் வேஷம்

எங்கள் விடுதிக்குப் பொறுப்பான ஹவுஸ்மாஸ்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபோது, யாரோ பிள்ளைக்குக் கடும் சுகமில்லை என்றுதான் நினைத்தேன். அவர் தயங்கித் தயங்கி, கடைசி நாள் நாடகத்தில் ஒலிவர் என்ற பையன் என்னைப்போல வேஷம் போடப் பார்க்கிறான் என்றும், அதைத் தான் நிறுத்தப் போவதாகவும் சொன்னார்.

வழக்கம்

லண்டனில் ஒரு பழைய போர்டிங் ஸ்கூலில், பையன்கள் தங்கும் ஹவுஸ் ஒன்றில் நான் மேட்ரனாக இருந்தேன். பிள்ளைகளின் காய்ச்சல், கிழிந்த காற்சட்டை, தொலைந்த சொக்ஸ், வீட்டு ஏக்கம் எல்லாம் மேட்ரனின் பொறுப்பு. கோடை விடுமுறைக்கு முன்னர், படிப்பு முடித்துப் போகும் பையன்கள் ஆசிரியர்களைப்போல நடித்துக் காட்டுவது அங்கே பரம்பரை வழக்கம். சாப்பாட்டு மேசைகளை நெருக்கிப் போட்டால் அதுதான் மேடை. ஹெட்மாஸ்டர் முன்வரிசையில் இருந்து, தன்னைப்போல நடிப்பவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கோபிக்கக் கூடாது.

கிச்சன், லாண்டரி ஆட்களை யாரும் மேடையேற்றியதில்லை. மேட்ரனையும்தான். நாங்கள் சுவரோரம் நின்று பார்ப்போம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று ஹவுஸ்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு மனோர் பார்க்கில் இருந்த வீட்டுக்கு வந்தேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“உன்ரை இங்கிலிஷை வைச்சுப் பகிடி பண்ணப் போறாங்கள். அண்டைக்கு லீவு போட்டிட்டு வீட்டிலை நில்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்பு நான் ஒரு கடையில் காசு வாங்கும் டில்லில் நின்ற காலத்தில், ஒருவர் என் உச்சரிப்பை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கனகாலம் காதை விட்டுப் போகவில்லை.

நீலக் கார்டிகன்

மறுநாள் ஒலிவரே வந்தான். சின்ன வயதில் என் அறை வாசலில் நின்று அழுதவன், இப்போது கதவு நிலைக்குக் குனிந்து வருகிறான். என் நீலக் கார்டிகனை இரவல் கேட்டான். என் இங்கிலிஷைப் பார்த்துச் சிரிக்கவா என்று நேராகவே கேட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

“நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் உங்களை விட்டுவிட்டு இந்த ஹவுஸைப் பற்றி எப்படி நாடகம் போடுவது?”

பிறகு ஒரு சந்தேகம் கேட்டான். பிள்ளைகள் கவலை சொல்லும்போது நான் “ஓம், ஓம்” என்கிறேனே, அது என்ன பிரார்த்தனை? இத்தனை வருடங்களாக நான் தங்களுக்காக மந்திரம் சொல்கிறேன் என்றே அவர்கள் நினைத்திருந்தார்களாம். எங்கள் ஊர்த் தமிழில் அது ‘யெஸ்’ என்றேன். இருவரும் சிரித்தோம். கார்டிகனைக் கழற்றிக் கொடுத்தேன். நாடகம் நடக்கட்டும் என்று ஹவுஸ்மாஸ்டரிடமும் சொன்னேன்.

மேடை

நாடகத்தன்று பின்னேரம் கிச்சனில் வேலை செய்யும் யோகன் அண்ணையோடு சுவரோரம் நின்றேன்.

கார்டிகன் கைகள் முழங்கை வரைதான் எட்ட, மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒலிவர் வந்தான். கதிரையில் ஒருவன் சிணுங்கிக்கொண்டிருந்தான்: வீட்டுக்குப் போக வேண்டும், நாய்க்குட்டியைப் பார்க்க வேண்டும்.

“ஓம்,” என்றான் ஒலிவர். மண்டபம் சிரித்தது. மற்றவன் இன்னும் சிணுங்கினான். “ஓம், ஓம்.” என் உச்சரிப்பை ஒலிவர் நெளிக்கவே இல்லை. மெல்ல ஒரு தட்டை மற்றவன் மடியில் வைத்து விரலை உயர்த்தினான். ஒலிவர் வாய் திறக்குமுன் மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்:

“முதலில் சாப்பிடு. பிறகு அழலாம்.”

அதை நான் அவ்வளவு தரம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சிரிக்க வேண்டிய இடத்தில் அழுதுவிட்டேன்.

“பிள்ளை, எல்லாரும் உம்மைத்தான் பாக்கினம். கையை ஆட்டிக் காட்டும்,” என்றார் யோகன் அண்ணை. காட்டினேன்.

அடுத்த வருடம் அவரையும் மேடையேற்றினார்கள். தன்னைப்போல நடித்தவனின் வயிற்றுக்குத் தலையணை பெரிதாக வைத்துவிட்டார்கள் என்று அவருக்குக் குறை.

இப்போது வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களைப்போல ஒருவர் பேசிக் காட்டினால், நீங்கள் பேசும் விதத்தைத் திருப்பிச் சொல்கிறாரா, நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கோபிப்பதா இல்லையா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.