இரண்டு பக்கமும் ‘நே’

டோன்கா பேசப் பழகிய நாளிலேயே அவள் வாயில் ஏறிய சொல் ‘நே’. அவள் பிறந்த பல்கேரிய மலைப்பக்கத்தில் அதற்கு இல்லை, வேண்டாம், மாட்டேன் என்று பொருள். மலையைத் தாண்டி இறங்கினால் கிரேக்கர்களின் சமவெளி. அங்கே ‘நே’ என்றால் ஆமாம், சரி, அப்படியே ஆகட்டும். நடுவே அவ்வளவு பெரிய மலையை வைக்கத் தெரிந்த கடவுளுக்கு இந்தச் சின்னச் சொல்லைப் பிரித்து வைக்கத் தோன்றவில்லை. அவர் மறதிக்கு டோன்கா பாடுபட்டாள்.

சுரங்கம் மூடிக் கணவனுக்கு வேலை போன வருடம், ஒரே ஒரு கோடைக்கு என்று சொல்லிக்கொண்டு அந்தச் சமவெளிக்குப் பீச் பழம் தரம் பிரிக்க வந்தவள் அவள். பருவம் முடிந்ததும் முதலாளி, “அடுத்த வருஷமும் வருவியா?” என்று கேட்டார். இடுப்பு விட்டுப்போயிருந்த டோன்கா பதறிப்போய், “நே, நே!” என்றாள்.

“பாருங்கய்யா, எவ்வளவு ஆசையா சொல்றா!” என்று அவர் மற்றவர்களிடம் பெருமைப்பட்டார். மறு கோடையில் பெயர் சொல்லி ஆள் அனுப்பினார். வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இல்லை. வந்தாள்.

அப்படியே ஏழு கோடை ஓடிவிட்டது. இதற்குள் கிரேக்கம் நன்றாகவே வந்துவிட்டது. மாட்டேன் என்பதற்கு ‘ஓஹி’ என்று சொல்லப் பழகிவிட்டாள். பயந்துபோனால் மட்டும் நாக்கு மலையேறிப் பிறந்த ஊருக்கே போய்விடும்.

ஏழாவது பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் ஊரில் மகள் ரலிட்சாவுக்குக் கல்யாணம். கூலிப்பெண்களை ஏற்றிப்போகும் பஸ் வாசலில் நின்றது. அதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை. முதலாளி கல்யாணத்துக்கென்று கொடுத்த ஒரு பெட்டிப் பழத்தை எடுக்க டோன்கா குளிர் அறைக்குள் ஓடினாள். உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். கல்யாண அவசரத்தில் அவள் செங்கல்லை மறந்தாள். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

கதவு ஒரு சாண் கனம். மின்விசிறிகளின் இரைச்சல் வேறு. அவள் போட்ட கூச்சலில் பாதி அங்கேயே உறைந்துபோனது. கடைசியில் கிரேக்க மேஸ்திரி லெஃப்டெரிஸ் கதவோரம் வந்து நின்றார்.

“யாரு, டோன்காவா? இன்னும் வேலை இருக்கா உள்ள?”

“நே! நே!”

“அப்ப முடிச்சுட்டே வா.” செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

டோன்கா தலையில் அடித்துக்கொண்டாள். பாவி நாக்கே, ஏழு வருஷமாகியும் உனக்குப் புத்தி வரவில்லையா? இங்கே ‘நே’ என்றால் ஆமாம். ஆமாம் என்றால் ‘நே’. பல் கிட்டிக்க அதையே சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றினாள். இனி யார் கேட்டாலும் தப்ப விடக் கூடாது.

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கூடவே ஒரு பெண்குரல். பக்கத்து வீட்டு கின்கா. அவள் கேட்டது சொந்த மொழியில்.

“அக்கா! எல்லாரும் ஏறியாச்சு. டிரைவர் கத்துறான். நீ வர்றியா இல்லியா?”

“நே!” என்று அலறினாள் டோன்கா, உயிரைத் திரட்டி. “நே! நே!”



“பெத்த பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரமாட்டியா? நல்லா இருக்குக்கா நீ செய்யிறது! இந்தப் பழத்தையே கட்டிக்கிட்டு அழு.”

கின்கா போய்விட்டாள். என்ன சொன்னோம் என்பது டோன்காவுக்கு உறைத்தபோது பஸ் உறுமிக் கிளம்புவது தரை வழியே அவள் காலுக்குத் தெரிந்தது. அவள் அழுதாள். எந்த மொழியிலும் இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக் கதவில் அடித்தாள். பெட்டி சிம்பு சிம்பாகத் தெறிக்கும்வரை அடித்தாள்.

கதவைத் திறந்த லெஃப்டெரிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மாட்டிக்கிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? வேலை இருக்கான்னு கேட்டேன், நே-ன்னுதானே சொன்ன?”

“நே-ன்னுதான் சொன்னேன்” என்றாள் டோன்கா.

அவர் தன் ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்து ஆற்றுப்பாலம் வரை விரட்டிப் பார்த்தார். பஸ்ஸின் புழுதிகூட இல்லை. திரும்பி வந்தபோது அலுவலக அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. செல்போன் புழங்காத காலம். ஊர்த் தபால் நிலையத்திலிருந்து ரலிட்சா கூப்பிட்டிருந்தாள். பின்னால் யாரோ அக்கார்டியன் வாசித்துப் பழகும் சத்தம்.

“அம்மா? என்ன, இன்னும் அங்கதான் இருக்கியா? பஸ் ஏறலையா? நாளைக்கு வந்துருவதானே?”

டோன்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நே” என்றாள்.

மகளுக்கு அது தெளிவாகப் புரிந்தது.