ஊற்றை மூடாத கோடை

கைப்பிடி ஈரமணலை முகர்ந்தே நன்னீரா உப்புநீரா என்று சொல்லிவிடும் மூக்கு எங்கள் வீட்டில் தாயாருக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கோடையில் நாங்கள் செய்த பிழையை அறிந்தோருள் நான் ஒருத்தியே எஞ்சியிருப்பதால், இதனை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஓராண்டு, காவிரி நீர் வருமென நம்பி, விதைநெல் முழுவதையும் திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே ஆற்றங்கரை நாற்றங்காலில் தெளித்துவிட்டார் தந்தையார். நாற்று விரலளவு எழுந்தபோது வாய்க்கால் வற்றியது. வறண்ட ஆற்றில் மணலுக்கடியில் முழங்கை ஆழத்தில் தேங்கிய நீரே எஞ்சிற்று. உள்நாட்டு ஊரான நெடுங்காட்டில் வாய்க்கால் பாசனத்தோடு வளர்ந்த தந்தையார், அகலத் தோண்டினால் மிகுதியாக ஊறுமெனக் கருதிக் குளம்போலொரு குழி வெட்டினார். காலையில் தளும்பிய நீர், வெயிலும் கடற்காற்றும் உறிஞ்ச, நண்பகலில் சேறாயிற்று.

காரைக்கால்மேட்டிலிருந்து மீன்கூடையோடு அவ்வழியே வரும் அஞ்சலை, கரையில் நின்று சிரித்தார்.

"நெல்லு காயப்போடுற மாதிரி தண்ணியக் காயப்போட்டிருக்கீங்களே அண்ணே? நாங்க கடலோரத்துல கை நுழையிற அளவுக்குத்தான் ‘ஊத்து’ தோண்டுவோம். அள்ளி முடிச்சதும் காஞ்ச மணலப் போட்டு மூடிருவோம்."

"மீன் விக்கிறவ எனக்கு வெள்ளாமை சொல்றியா?" என்றார் தந்தையார்.

மூடுவதற்கு மாறாக, மேலும் ஆழமாக வெட்டினார். அங்கே நன்னீர் உப்புநீரின்மேல் பாலாடைபோல் படிந்திருப்பதை அவர் அறியார். தாயார் வந்து சேருமுன்னரே அந்நீரைக் குடம் குடமாக நாற்றுக்கு ஊற்றியாயிற்று. தாயார் குழிமணலை முகர்ந்தார். உப்புநீர் என்று கண்டு, கையிலிருந்த மணலைக் குழியிலேயே உதறினார். மூன்றாம் நாள் நாற்றின் நுனிகள் வைக்கோல் நிறமாயின.

அன்று தந்தையார் அஞ்சலை வரும் வழியில் காத்து நின்றார்.

"எப்படி மூடுறதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

"மொதல்ல அந்த மம்முட்டியத் தூரப் போடுங்கண்ணே. கையாலதான் தோண்டணும்" என்றார் அவர்.

பெருங்குழியைத் தூர்த்தோம். சற்றுத் தள்ளிக் குறுங்குழிகள் தோண்டி, விடியலில் கொட்டாங்கச்சியால் முகந்து, வெயில் ஏறுமுன் உலர்மணலிட்டு மூடினோம். மூடிய மணலுக்கடியில் மறுநாளும் நீர் இருந்தது. ஆயினும் ஒரு பாயின் அகலத்துக்கே நாற்றுப் பிழைத்தது. வாய்க்காலில் நீர் வந்தபோது எங்களிடம் நடுவதற்கு அவ்வளவுதான் இருந்தது; அவ்வாண்டு தந்தையார் பிறர் வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டுச் சுமந்தார்.

அண்மையில் அவ்விடம் சென்றேன். ஆற்றில் மணலே இல்லை; களிமண் வெடித்துக் கிடக்கிறது. பெய்யும் மழைநீர் அதன்மேல் திறந்து கிடந்து, சில நாளில் வானேறிவிடுகிறது. எப்படி மூடுவதென்று எனக்குத் தெரியும். மூடுவதற்கு ஒரு கைப்பிடி மணல் கிடைக்கவில்லை.

ஊற்றின் ஆழத்தையும் நாற்றின் பருவத்தையும் நினைவிலிருந்தே குறித்துள்ளேன். அவ்வூரார் பிழை காணின் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.