மஞ்சள் தேய்த்த கணையம்

போன வாரம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள வீட்டில் அக்கா மகள் கணினியில் ஒரு படத்தைச் சுழற்றிக் காட்டினாள். வண்ண நாடாக்கள் சுருண்டு மடங்கிய உருவம். “டிரிப்சின் மாமா, மாட்டோடது. புரோட்டீனை டைஜஸ்ட் பண்ணும் லா,” என்றாள். எனக்கோ சட்டென்று மூக்கில் மஞ்சள் வாசனை ஏறியது.

எழுபதுகளின் கடைசி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளன் நான். அந்த டிரிப்சின் நொதியின் அமைப்பை உலகம் முன்பே கண்டறிந்துவிட்டது; நாங்களும் எங்கள் கையால் அதன் படிகம் ஒன்றை வளர்த்து எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் படிகம் வளர்ந்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு.

நொதியைப் பிரித்தெடுக்க மாட்டுக் கணையம் வேண்டும். தேக்கா பழைய சந்தையில் மாட்டிறைச்சி விற்ற பாயிடம் ஓடினேன். எதையும் பாதி சொல்லிவிட்டுப் பறப்பவன் நான். “ரொம்பச் சுத்தமா வேணும் பாய்!” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பொட்டலத்தைப் பிரித்தால், பளபளவென்று மஞ்சள்.

“வெந்நில உப்பு, மஞ்சள் போட்டு மூணு தடவ அலசியிருக்கேன் தம்பி. நாத்தமே இருக்காது.”

“ஐயோ, வெந்நி பட்டா கெட்டுடும் பாய்! இது கொழம்புக்கு இல்ல, லேபுக்கு!”

“லேபுல மட்டும் கழுவாமயா திம்பாங்க?”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது, வேலை போய்விடும் என்றேன். பாய் முகம் மாறியது. அடுத்த நாள் விடியும்போதே அறுப்புக்கூடத்துக்குப் போய், அறுத்த கையோடு கணையத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் நேராக ஆய்வுக்கூட வாசலுக்கே வந்து நின்றார். கடையை யார் பார்த்துக்கொண்டார்களோ! “தண்ணி கூட காட்டல. போ, போ!” என்று விரட்டினார்.

பதினோராம் நாள் நொதிக் கரைசலின் துளிக்குள் ஒரு படிகம் மின்னியது. பாயை அழைத்துவந்து நுண்ணோக்கியில் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். “கல்கண்டு மாதிரி இருக்கு. இதுவா மாட்டுக்குள்ள இருந்துச்சு?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இனிமே எதையும் முழுசா சொல்லிட்டுப் போ.”

எக்ஸ்ரே பட்டுப் பட்டு அந்தப் படிகம் சில நாளில் சிதைந்துபோனது. சில ஆண்டுகளில் பழைய சந்தையையும் இடித்தார்கள்; எதிரே எழுந்த புதிய கட்டடத்துக்குப் பாய் வரவில்லை. என் வேலை மட்டும் நிரந்தரமாக இருந்தது.