பன்னிரண்டு நாட்டு எக்செல்லும் ஒரு பான் கார்டும்

துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டர் கவுன்ட்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விசா, எமிரேட்ஸ் ஐடி, மெடிக்கல், கேன்சல் என்று எந்த ஃபார்ம் ஆனாலும் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள், "அக்கா, ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்பார்கள். பாஸ்போர்ட் தொலைந்த கேஸ், முதலாளியிடமிருந்து ஓடிப்போன கேஸ் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் உயிரை எடுப்பது அப்பாவோடு வரும் கேஸ்தான்.

1. முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டு

இந்த ஒர்க்கிங் ஹாலிடே விசா மோகம் சில வருடங்களாகத்தான். இளவட்டங்கள் வேறொரு நாட்டுக்குப் போய் ஒரு வருடமோ இரண்டு வருடமோ சுற்றிப் பார்க்கலாம், செலவுக்கு அங்கேயே வேலையும் செய்யலாம். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் அதை ரீல்ஸில் பார்த்துவிட்டு வருகிறார்கள். டோக்கியோவில் ஒருத்தி காபி போடுகிறாள், கனடாவில் ஒருவன் பனியில் சறுக்குகிறான். உடனே ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "ஆன்ட்டி, இதுல எது பெஸ்ட்?" என்று கேட்பார்கள்.

எது பெஸ்ட் என்பது அப்புறம். இதெல்லாம் இரண்டு அரசாங்கங்கள் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். உன் பாஸ்போர்ட் நாட்டோடு ஒப்பந்தம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கலாஸ், கதை முடிந்தது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் இல்லை, கொரியா இல்லை, கனடா இல்லை. நான் சொல்லும் சமயத்தில் இரண்டே வழிதான் இருந்தது. ஆஸ்திரேலியா ஒரு வருடம். அதற்கு இரண்டு வருடமாவது கல்லூரி படித்திருக்க வேண்டும். இங்கிலாந்து இரண்டு வருடம். அதற்கு முழு டிகிரியும், சொந்தக் கணக்கில் சேமிப்பும் வேண்டும். இரண்டுக்கும் முப்பது வயதுதான் எல்லை, இரண்டுக்கும் குலுக்கல்தான்.

இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டே ஜப்பானைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு பையன், "ஆன்ட்டி, நான் துபாய்ல பொறந்தவன். எங்களுக்குத் தனி லிஸ்ட் இருக்கா?" என்றான். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாய் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை தம்பி, பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாத பிள்ளை.

2. சுந்தரேசன் சார் வருகிறார்

சுந்தரேசன் சார் திருச்சிக்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேஷன் மேனேஜர், ஷார்ஜாவில் முவைலாவில் குடும்பத்தோடு இருப்பவர். அவர் விசா, மனைவி விசா, மகன் விசா எல்லாம் எங்கள் கடையில் அடித்ததுதான். அன்றைக்கு மகன் கார்த்திக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கார்த்திக்குக்கு அப்போது இருபத்து நாலரை வயது. பிறந்தது, பள்ளி, காலேஜ் எல்லாம் இங்கேதான். இந்த நாட்டில் மகன் அப்பாவை ஸ்பான்சராக வைத்து, அவர் விசாவில் இருபத்தைந்து வயது வரைதான் இருக்கலாம். அதற்குள் வேலை கிடைத்துத் தனி விசாவுக்கு மாறாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஒரு வருடமாக இன்டர்வியூவுக்கு அலைந்திருக்கிறான். எல்லா இடத்திலும் எக்ஸ்பீரியன்ஸ் எங்கே என்று கேட்டார்களாம். எவனாவது வேலை கொடுத்தால்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்! கையில் இருந்தது ஆறேழு மாதம்.

சார் ஒரு பெரிய தாளை கவுன்ட்டரில் விரித்தார். எக்செல்லில் பன்னிரண்டு நாடுகளை ஒப்பிட்டு கலர் கலராகப் பிரின்ட் எடுத்திருந்தார். கட்டணம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, பி.ஆர். கிடைக்குமா, பக்கத்தில் கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டிடத்துக்கே எஸ்டிமேட் போட்டுவிடுகிற மனிதர் அவர். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு உண்டா என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. பத்து வரிசையை நகத்தால் கீறிக் காட்டி, இதெல்லாம் மாஃபி, கிடையாது சார் என்றேன். கார்த்திக் சிரித்துவிட்டான். சார் சிரிக்கவில்லை.

"வேலைன்னா வேலை, லீவுன்னா லீவு மேடம். ரெண்டையும் கலந்து எவன் விசா குடுக்கறான்?" என்று கேட்டார். முப்பது வருடமாக டூட்டிக்கும் லீவுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு இதை எப்படி விளக்குவது? சார், கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்வோம் என்று ஆஸ்திரேலியக் குலுக்கல் பதிவைத் திறந்தேன்.

நான் பையனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பா பதில் சொன்னார். ஈமெயில் கேட்டால் தன்னுடையதைச் சொன்னார், ஃபோன் கேட்டால் தன் நம்பரைச் சொன்னார். எனக்கு எரிச்சல் மண்டியது. பையன் பக்கம் திரும்பி, உனக்குப் போக விருப்பமா என்று நேராகக் கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. கஃபே, ஃபார்ம், எனிதிங் ஓகே. ஏதாவது ஒண்ணு நானே பண்ணிப் பாக்கணும்," என்றான். சொல்லும்போது அவன் அப்பாவைப் பார்க்கவில்லை.

ஃபார்மாவது ஒன்றாவது, ஆபீஸ் வேலை பார்ப்பான், நீங்கள் அடியுங்கள் என்றார் சார். அடுத்து அந்தப் பதிவு பான் நம்பர் கேட்டது. இந்தியர்கள் இந்தக் குலுக்கலில் பதிய பாஸ்போர்ட்டோடு பான் எண்ணும் தர வேண்டும். பின்னால் டோக்கன் கூட்டம் நின்றது, ஓனர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பான் நம்பர் என்றேன். சார் மூச்சு விடாமல் பத்து எழுத்தையும் ஒப்பித்தார், நானும் அடித்தேன். கார்டைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, அன்றைக்கு என் புத்தி எங்கே போயிருந்தது?

3. இருபத்தெட்டு நாள்

குலுக்கலில் கார்த்திக் பெயர் விழுந்தது. எங்கள் கடையில் பதிந்தவர்களில் வேறு யாருக்கும் விழவில்லை.

பெயர் விழுந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அந்த மெயில் அப்பாவின் பெட்டிக்குத்தானே போனது? சைட் கொட்டேஷன்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. அவர் பார்க்கும்போது ஒன்பது நாள் போய்விட்டது. ஸ்வீட் பாக்ஸோடு இருவரும் ஓடி வந்தார்கள். கார்த்திக் ஃபோனைத் திறந்து, எந்த ஊர், எந்த ஹாஸ்டல், எந்த மாதம் எந்தப் பழம் பறிப்பார்கள் என்று எழுதி வைத்திருந்ததை எனக்குக் காட்டினான். அம்மாவிடம் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறானாம். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

டாக்குமென்ட்களை ஏற்ற உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் ஆயிற்று, டிகிரி ஆயிற்று. பான் கார்டு என்றதும் சார் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதிலிருந்த படத்தில் தலை நிறைய முடியும் பெரிய மீசையுமாக சாரே இருந்தார்.

"இது உங்க கார்டு சார். தம்பியோடது எங்கே?"

"அவனுக்கு எதுக்கு மேடம் பான்? அவன் இந்தியாவுல ஒரு பைசா சம்பாதிச்சதில்லையே. எல்லாத்துக்கும் என்னோடதைத்தானே குடுக்கறோம்."

ஏசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குலுக்கலுக்கு நான் அடித்தது அப்பாவின் நம்பர். கார்த்திக்குக்கு பான் என்றால் என்ன என்றே தெரியவில்லை, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சாரை நான் திட்டினேன், அவரோடு சேர்த்து என்னையும் திட்டிக்கொண்டேன். பிறகு ஆளாய்ப் பறந்தோம். பையன் பெயரில் பான் விண்ணப்பித்து, அது வந்து, நடந்தது இதுதான் என்று ஒரு கடிதமும் வைத்து, இருபத்தேழாம் நாள் விண்ணப்பத்தை அனுப்பினோம். ஒரே குடும்பம்தானே, விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று சார் கேட்டுக்கொண்டே இருந்தார். சில வாரம் கழித்து பதில் வந்தது. பதிவில் உள்ள அடையாள எண் விண்ணப்பதாரருடையது இல்லை, ஏற்க முடியாது.

அப்பீல் உண்டா என்று சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திக் பேசினான். அவன் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"உங்க ஃபோன், உங்க ஈமெயில், உங்க பான். குலுக்கல்ல விழுந்தது யாருப்பா, நீங்களா நானா?"

டோக்கனோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் எக்செல் தாளை எட்டாக மடித்து, பையில் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.

4. இப்போது எங்கள் கவுன்ட்டரில்

அதற்குப் பிறகு ஒரு முறை இங்கிலாந்துக் குலுக்கலில் கார்த்திக் தானே பதிந்தான். விழவில்லை.

இப்போது என் கம்ப்யூட்டருக்கு எதிரில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறேன். அதில் விண்ணப்பதாரர்தான் உட்கார வேண்டும். அப்பா, அம்மா, மாமா எவரானாலும் தண்ணீர் கேன் பக்கத்து சோஃபாவுக்குப் போய்விட வேண்டும். காசு கொடுப்பவரைத் தூர உட்கார வைக்கிறாயே என்று ஓனர் முனகுகிறார், முனகட்டும். ஒவ்வொரு எண்ணையும் அந்தப் பிள்ளையே கார்டைப் பார்த்து வாசிக்க வேண்டும், நானும் கார்டைக் கண்ணால் பார்ப்பேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யார் போகப்போகிறாரோ அவரிடம் கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு அப்பாவும் மகனும் விசா கேன்சலுக்கு வந்தார்கள். திருச்சியில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடப் போகிறானாம். நான் சொல்லாமலே சார் மகனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சோஃபாவுக்குப் போய்விட்டார். நான் கேட்டதற்கெல்லாம் கார்த்திக்தான் பதில் சொன்னான். 

ஃபார்ம் பிரின்ட் ஆகி வந்ததும் கூப்பிட்டேன். சார் வந்து அதை ஒரு தடவை வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மகனிடம் நீட்டி, "நீயே போடுப்பா," என்றார்.

கார்த்திக் பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போடுவது என்று தாளில் தேடினான். மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு என்னைப் பார்த்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இது ஸ்பான்சர் ஃபார்ம் தம்பி. இதுல அப்பா கையெழுத்து மட்டும்தான்."