சாமான் லாரியில் சேலத்திலிருந்து திண்டுக்கல்: ராத்திரி எங்கே நிறுத்துவது?

2008 மே மாதம் எனக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றலானது. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி, நானும் அதே லாரியில் வந்தேன். கண்ணாடி பீரோவை யாரையும் நம்பி அனுப்ப மனசில்லை, அவ்வளவுதான் காரணம்.

திண்டுக்கல் லாரி ஒன்று சேலத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப இருந்தது. முதலாளி போனில் 4,500 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 4,200க்குக் கொண்டுவந்தேன். அன்று முழுக்க அதில் எனக்கு ஒரு பெருமை.

மைல்கல் கணக்கில் சுமார் 165 கிலோமீட்டர். காலை பதினொன்றுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். சாமான் ஏற்றி முடிக்கவே ஒன்றரை ஆனது. டிரைவர் சவரிமுத்து, நிலக்கோட்டைக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. கூடக் கிளீனர் இல்லை. முந்தின இரவெல்லாம் ஓட்டி வந்தவர். கரூர் தாண்டியதும் நால்வழிச் சாலை வேலை, வழி நெடுக மாற்றுப்பாதை, போதாததற்கு ஒரு பஞ்சர். வேடசந்தூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வரும்போது மணி ஏழு. திண்டுக்கல்லில் சாமான் இறக்கும் ஆட்கள் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி காலையில்தான். சவரிமுத்துவுக்கும் தூக்கம் கண்ணை இழுத்தது.

சவரிமுத்து வண்டியை மண் ஓரத்தில் ஒதுக்கினார். பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக, வண்டிக்குப் பின்னே கல் வரிசை வைத்து, கருவேலங்கொப்பை ஒடித்துப் போட்டார். நானும் ஒரு கல்லைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்க பஸ்ஸப் பிடிச்சு திண்டுக்கல் போயிருங்கம்மா. நான் இங்கனயே படுத்துக்கிறேன். காலையில வாங்க."

"ரோட்டுலயாண்ணே? நிறுத்துறதுக்கு ஒரு இடம் இல்லையா?"

"இருக்கு. ஒன்றரை கிலோமீட்டர் போனா எடைமேடை, காம்பவுண்டு சுவரு, லைட்டு, குழாய், வாட்ச்மேன் எல்லாம். ஒரு ராத்திரிக்கு அறுவது ரூபா. யாரு தருவா?"

அவர் பேசி முடிக்கவில்லை. ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரிப் போனது. லாரி ஒருமுறை ஆடி நின்றது. அவர் கண்ணைக் கூட இமைக்கவில்லை. நான் சாலையை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"பேட்டாவுலயே எல்லாம் அடக்கம்மா. அவரு ரோட்டோரமா போட்டுக்குவாரு, பழகினவருதான்" என்றார்.

"ஒரு அறுபது ரூபாய்தானே சார்?"

"நீங்க முன்னூறு கொறச்சீங்கள்ல? அதெ நான் எங்கருந்து எடுப்பேன்? டிரைவருக்கு ராத்திரி நிறுத்தத் தார ஹால்ட்டு காசுலதான் எடுத்தேன்."

போனை வைத்துவிட்டு, நானே தருகிறேன் என்றேன். சவரிமுத்து சிரித்தார். "இன்னிக்கு நீங்க தருவீக. நாளையிலருந்து 'பார்ட்டிக்கிட்ட வாங்கிக்கடா'ம்பாரு. எல்லா பார்ட்டியும் தந்துருமா?"

அடுத்து ஒரு டேங்கர் போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, ஏறுங்க. நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்கும் பயம் வந்துரும் போல."

எடைமேடையில் அறுபது ரூபாய் கட்டி, வண்டி எண் போட்ட ரசீது வாங்கினேன். அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். திடீரென்று ஈரக்கையோடு நின்றுவிட்டார்.

"அம்மா, கல்லு."

இருவருமே எடுக்கவில்லை. வழக்கமாகக் காலையில் கிளம்பும்போது முதல் வேலையாக அவற்றை உருட்டித் தள்ளிவிடுவாராம். இன்று கிளம்பியது வழக்கத்தில் இல்லாத நேரம். மணி ஏழு ஐம்பது. எட்டு மணிக்குப் பக்கத்து மில்லில் ஷிப்ட் விடுவார்கள். சைக்கிள்காரர்கள் எல்லாரும் பஸ்ஸுக்குப் பயந்து அந்த மண் ஓரத்தில்தான் வருவார்கள். அங்கே தெருவிளக்கு கிடையாது.

வாட்ச்மேனின் மொபெட்டை வாங்கினோம். நான் டார்ச்சோடு பின்னால் உட்கார்ந்தேன். எதிரில் வந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தியது. "செத்த நேரம் பொறுங்கடா, செத்த நேரம்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் போவதற்குள் ஒருவர் விழுந்திருந்தார். முழங்கையில் ரத்தம். சைக்கிளின் முன்சக்கரம் வளைந்து கிடந்தது.

"எவன்டா கல்லப் போட்டுட்டுப் போனது? லாரிக்காரனுக்கு ரோடு என்ன அவங்கப்பன் வீடா?"

"நாந்தான் அப்பு. மறந்துட்டேன்" என்றார் சவரிமுத்து.

"மறந்துட்டியா? சோறு திங்க மறப்பியா?"

அவர் தலைகுனிந்து நின்றார். 'நானும்தான் ஒரு கல் வைத்தேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் சைக்கிள் மணிகள் கேட்டன. நான் டார்ச்சைத் தூக்கி ஆட்டினேன். சவரிமுத்து கல்லை உருட்டத் தொடங்கினார். விழுந்தவரும் திட்டிக்கொண்டே, அடிபடாத கையால் கடைசிக் கல்லைத் தள்ளினார். அவர் காயத்தை என் கைக்குட்டையால் கட்டினேன். சக்கரத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், கோபம் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

லாரியில் சாமான் கொண்டுபோகப் போகிறவர்களுக்கு: காலை எட்டுக்குள் கிளம்பப் பாருங்கள். வாடகை பேசும்போதே இரவு எங்கே நிற்கும், அந்தச் செலவு யாருடையது என்று கேளுங்கள். டீசலும் டயரும் முதலாளி பொறுப்பு என்றால் வண்டி நிற்கும் இடமும் அவர் பொறுப்புதான். பேட்டா டிரைவரின் சாப்பாட்டுக்கு. வாடகையில் கட்டுபடியாகவில்லை என்றால் அதை நம்மிடம் வெளிப்படையாகக் கேட்கட்டும். நாம் குறைக்கும் பணம் முதலாளியின் பையிலிருந்து போகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது டிரைவர் தூங்கும் இடத்திலிருந்து போயிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதுக்குள் சாமான் இறங்கிவிட்டது. பீரோ கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. வாடகை வாங்க முதலாளியே வீட்டுக்கு வந்தார். 4,200 ரூபாயோடு அந்த ரசீதையும் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, பெருந்தன்மையாக அறுபது ரூபாயை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் சார். அண்ணன்கிட்ட குடுங்க, அடுத்த ஹால்ட்டுக்கு."

சவரிமுத்து குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அறுபது ரூபாயைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.