கையுறை கழற்றிய அரை நிமிடம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துவாக்குடிப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டினேன். பாய்லர்களுக்குப் போகும் வளையங்களும் மூடிகளும்தான் வேலை. அந்தக் கை விண்வெளிக்குப் போகிற சாமான் செய்யும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

இப்போது வேலை பார்க்கும் கம்பெனி ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். முதலாளி அதே ஊரில் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிக்காரர். வெளியூரில் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். புதிய கருவிகளை ஆராய்ந்து செய்யச் சின்னக் கம்பெனிகளுக்கு அரசு கொடுக்கும் உதவியில் ஒரு வால்வு செய்துகொண்டிருந்தோம். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். செயற்கைக்கோள் மேலே போனபின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைப் பீய்ச்ச வேண்டும். அதைத் திறந்து மூடுவது இந்த வால்வு. மூடிவிட்டால் கசியவே கூடாது.

வால்வின் பாகங்களை லேத்தில் கடைவது நான். அதன்பின் அவை கழுவும் அறைக்குப் போகும். கண்ணாடித் தடுப்பு போட்ட சிறிய அறை அது. புத்தூரிலிருந்து வரும் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டார். டிப்ளமா படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பாகங்களை அவர் மூன்று முறை கழுவி, உலர்த்தி, மூடி போட்ட தட்டில் வைப்பார். நான் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய் அவற்றை ஒன்றுசேர்த்து வால்வாகப் பூட்டுவேன். முடிந்ததும் இருவரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விரல் பிசுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, எந்தக் கட்டத்திலும் வெறுங்கை படவில்லை என்று அதில் ஒரு வரி உண்டு.

நான் அதிகம் பேச மாட்டேன். அவர்தான் பேசுவார். கதவருகே நான் நிற்கும்போதெல்லாம், "அண்ணே, லேத்துக் கையை வெளியவே கழட்டி வச்சிட்டு வாங்க" என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே போவேன்.

பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சிக்கு அவரை அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். முடித்து வந்தால் வால்வு பூட்டும் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. அவர் அதற்காக ஒரு நோட்டுப் போட்டு, படம் வரைந்து படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைச் சாப்பாட்டு வேளையில் தமிழில் சொல்லிக் காட்டுவார்.

முதல் வால்வு பூட்டிய அன்று, வாசலில் கூரியர்காரர் கூப்பிட அந்தப் பெண் வெளியே போனார். மூடி வந்து பொருந்தும் வால்வின் வாய் என் முன்னால் தட்டில் இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தாயிற்று. பிசிறு எதுவும் தெரியவில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருடமாக என் கண்ணைவிட என் விரலைத்தான் நான் நம்பியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலைக் குத்தும். கடைசல்காரன் எவனும் விரலால் தொட்டுப் பார்க்காமல் ஒரு சாமானைக் கையை விட்டு அனுப்ப மாட்டான். வலது கையுறையைக் கழற்றினேன். கட்டைவிரலை வால்வின் வாயில் வைத்து ஒரு தரம் அழுத்தினேன். வழவழவென்று இருந்தது. உறையை மாட்டிக்கொண்டு பூட்டினேன். அவர் திரும்பி வந்ததும் தாளில் கையெழுத்தும் போட்டேன்.

எங்கள் இடத்தில் வைத்துச் சோதித்தபோது வால்வு கசியவில்லை. பெங்களூர்ச் சோதனைக்கூடத்தில், விண்வெளி அளவுக்குக் குளிரவைக்கும் பெட்டிக்குள் வைத்தபோது கசிந்தது.

திரும்பி வந்த வால்வைப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரையில் காட்டினார் முதலாளி. வாயைச் சுற்றி வளையம்போல் ஓர் எண்ணெய்ப் படலம். அதில் ஒரு தூசி இழை ஒட்டியிருந்தது. குளிரில் படலம் இறுகியதால் இழை நகராமல் நின்று, வால்வை முழுதாக மூட விடவில்லை என்றார். லேத்தில் ஊற்றும் எண்ணெய் கழுவியதில் சரியாகப் போகவில்லை என்று அவருக்குப் பட்டது. யாருக்கும் அப்படித்தான் படும்.

அந்த வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் படலம் விட்டுப்போயிருந்தது. என் கட்டைவிரலில் குறுக்கே, அதே அகலத்தில், ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கிறது. நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"மூணு தடவை கழுவினேன் சார்" என்றார் அந்தப் பெண். அதையே இன்னொரு முறையும் சொன்னார். முதலாளி கோபப்படவில்லை. சில நாள் பேக்கிங் பாருங்கோ என்று மட்டும் சொன்னார். பயிற்சிக்கு அவர் பெயரை அனுப்பவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். முதலாளியின் அறைக் கதவு வரை போய், தண்ணீர் குடிக்க வந்தவன்போல் திரும்பியிருக்கிறேன். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயத்துக்கு நான் வைத்த பெயர் அது. அந்த மூன்று மாதமும் முதலாளி கழுவும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தார். புதுத் திரவங்கள் வந்தன, புதுத் தொட்டி வந்தது. பக்கத்து அறையில் அந்தப் பெண் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "அது உங்க தப்பு இல்லம்மா. நான்தான் உறையைக் கழட்டித் தொட்டேன்" என்றேன். அவர் திரும்பவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? சார்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலையில் முதலாளியிடம் சொன்னேன். கட்டைவிரலையும் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு திரையில் அந்தப் பழைய படத்தை எடுத்து, படலம் விட்டுப்போன இடத்தைப் பார்த்தார். எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த கழுவும் தொட்டியை நிறுத்தினார்.

"மூணு மாசமா இல்லாத எண்ணெயைத் தேடிண்டிருந்தோம்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். உதவி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் காரணம் தவறாகப் போயிருந்ததாம். அதைத் திருத்த வேண்டும். அரைப்பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தெரியாமல் தொட்டேன் என்று முதலில் எழுதினேன். பிறகு "தெரியாமல்" என்பதை அடித்தேன்.

எனக்கு வேலை போகவில்லை. அந்தப் பெண் கழுவும் அறைக்குத் திரும்பினார். ஆனால் அந்தப் பயிற்சி முடிந்திருந்தது. வேறு கம்பெனிக்காரர்கள் போய் வந்துவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று முதலாளிக்கே தெரியவில்லை.

போன வாரம் இரண்டாவது வால்வு பூட்டினோம். கதவருகே நின்றேன். "கையைக் காட்டுங்க" என்றார் அந்தப் பெண். அண்ணே என்று சொல்லவில்லை. உறை போட்ட இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் தட்டின் மூடியைத் திறந்தார். நான் பூட்டி முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார்.

உறைக்குள் என் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிசிறு இல்லை. அதை நம்பிப் பூட்டினேன். தாளில் வெறுங்கை படவில்லை என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அவர் கையில் கொடுக்காமல், நம்பினால் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று மேசைமேல் வைத்தேன்.